கைப்பிடியை இழுக்கும் முடிவு

2025 நவம்பர் 14 பிற்பகல், தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானம் திருப்போரூர் அருகே விழுந்து நொறுங்கியது. விமானி இருக்கையோடு வெளியே தள்ளப்பட்டு, பாராசூட்டில் இறங்கிப் பிழைத்தார். தரையில் உயிர்ச்சேதம் இல்லை. சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 21 அன்று, துபாய் விமானக் கண்காட்சியில் தாழப் பறந்து சாகசம் காட்டிய தேஜஸ் போர் விமானம் தரையில் மோதித் தீப்பிடித்தது. சூலூரில் பணியாற்றிவந்த விங் கமாண்டர் நமன்ஷ் சியால் அதில் உயிரிழந்தார். ஆபத்தில் விமானியை வெளியே தள்ளும் இஜெக்ஷன் சீட் இரண்டு விமானங்களிலும் இருந்தது. இரண்டு விமானிகளும் தமிழ்நாட்டில் பணியிலிருந்தவர்கள். ஒருவர் பிழைத்தார், மற்றவருக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை.

திருப்போரூர் 2019 வரை எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில் இருக்கிற திருப்புலிவனத்துக்காரர்களுக்கு அது தூரத்துச் செய்தி அல்ல. தாம்பரத்தில் விமானப் பயிற்றுநர் பள்ளி, அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம். நடுவில் ஏரியும் வயலும் ஊருமாக நாங்கள். ஆகவே இந்தக் கேள்வியை இங்கிருந்தே கேட்கலாம்: ஆபத்தில் சிக்கிய விமானத்திலிருந்து ஒரு விமானி உயிரோடு வெளியேறுவதை எது தீர்மானிக்கிறது?

இருக்கை தீர்மானிக்கிறது என்பது முதல் பதில். அது உண்மைதான், பாதி அளவுக்கு. மீதிப் பாதி, விமானி எந்த நொடியில் அதை இயக்கும் கைப்பிடியை இழுக்கிறார் என்பதில் இருக்கிறது. அந்த நொடியைத் தேர்ந்தெடுக்கும் மனம் வானத்தில் உருவாவதில்லை. வகுப்பறையிலும், படைப்பிரிவின் பேச்சிலும், விபத்துக்குப் பிறகு நாம் பாராட்டும் விதத்திலும்தான் உருவாகிறது. இந்தத் துறையின் விபத்துகளைத் தொடர்ந்து படித்ததில் என்னிடம் உறுதிப்பட்டிருக்கும் எண்ணம் இது.

முதலில் இருக்கையைப் பார்ப்போம். இந்தியாவில் அது இல்லாமலே மாணவர்களை வானத்துக்கு அனுப்பிய காலம் ஒன்று உண்டு. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்த எச்பிடி-32 தீபக் விமானத்தில்தான் விமானப்படை மாணவர்கள் பல்லாண்டுகள் முதன்முதலாகப் பறக்கக் கற்றார்கள். அதில் இஜெக்ஷன் சீட் கிடையாது. வானத்தில் இன்ஜின் நின்றுபோவது அதன் தீராத நோய். 17 விபத்துகளில் 19 விமானிகள் இறந்த பிறகு, 2009இல் அதைத் தரையிறக்கி நிறுத்தினார்கள். அதற்கு மாற்றாக 2013இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்ததுதான் பிலாட்டஸ். ப்ரொப்பெல்லர் விமானம்தான், ஆனாலும் ஜெட் விமானங்களைப் போலவே இஜெக்ஷன் சீட்டோடு வந்தது. திருப்போரூர் விமானியின் உயிர் அந்த மாற்றத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. பத்தொன்பது பேருக்குப் பிறகு வந்த மாற்றம் என்பதை மறக்க முடியவில்லை.

இருந்தும், அதே பிலாட்டஸ் வகை விமானம் 2023 டிசம்பர் 4 அன்று தெலங்கானாவின் மேதக் மாவட்டத்தில், தூப்ரான் பக்கம் விழுந்தபோது பயிற்றுநரும் மாணவரும் இறந்துபோனார்கள். ஒரே வகை விமானம், இருவேறு முடிவுகள். இருக்கையை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

மார்ட்டின் பேக்கர் இருக்கையின் பிறப்பே ஒரு சாவிலிருந்துதான். பிரிட்டனில் ஜேம்ஸ் மார்ட்டினும் வாலண்டைன் பேக்கரும் சேர்ந்து விமானம் கட்டினார்கள். 1942 செப்டம்பரில் தங்கள் சொந்த விமானத்தைச் சோதித்துப் பறந்த பேக்கர், இன்ஜின் பழுதாகி இறந்தார். விமானம் கட்டிக்கொண்டிருந்த மார்ட்டினின் கவனம் அதற்குப் பிறகு விமானியைக் காப்பாற்றும் பக்கம் திரும்பியது. அதற்கு முன்பே, அதே ஆண்டு ஜனவரியில் ஜெர்மனியின் ஹெல்முட் ஷெங்க், பனி உறைந்து கட்டுப்பாடு இழந்த ஹைன்கல் விமானத்திலிருந்து அழுத்தக் காற்றால் இயங்கும் இருக்கையில் வெளியேறியிருந்தார். ஆபத்தில் அப்படி வெளியேறிய முதல் மனிதர் அவரே. மார்ட்டினின் இருக்கையைப் பறக்கும் விமானத்தில் முதலில் சோதித்துப் பார்த்தவர் அவருடைய பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்த பெர்னார்ட் லின்ச். 1946 ஜூலை 24 அன்று, மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் அவர் வெளியே போனார். 1949 மே 30இல் ஜோ லங்காஸ்டர் என்ற சோதனை விமானி உண்மையான ஆபத்தில் அந்த இருக்கையால் பிழைத்தார். இன்றுவரை மார்ட்டின் பேக்கர் இருக்கைகள் காப்பாற்றிய உயிர்கள் 7,700க்கும் மேல். நம் தேஜஸ், ரஃபேல், மிராஜ், ஜாகுவார், ஹாக் எல்லாவற்றிலும் இருப்பவை அந்தக் குடும்பத்து இருக்கைகள். தஞ்சாவூரில் நிற்கும் சுகோய்-30இல் இருப்பது ரஷ்யாவின் கே-36.

கைப்பிடியை இழுத்ததும் நடப்பவை மனிதக் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது. தோள்பட்டைப் பட்டைகள் உடலை இருக்கையோடு இழுத்து இறுக்குகின்றன. தலைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூரை தூக்கி எறியப்படும், அல்லது அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய வெடிக்கயிறு அதைச் சில்லுச்சில்லாக உடைக்கும். அடியிலுள்ள தோட்டாக்கள் வெடித்து இருக்கையைத் தண்டவாளத்தில் மேலே தள்ளுகின்றன. விமானத்தைத் தாண்டியதும் ராக்கெட் பற்றிக்கொள்கிறது. கால்களைப் பட்டைகள் பின்னுக்கு இழுத்துக் கட்டுகின்றன, இல்லாவிட்டால் காற்று அவற்றை முறித்துவிடும். சிறிய பாராசூட் இருக்கையை நிலைப்படுத்த, பெரிய பாராசூட் விரிய, இருக்கை கழன்று விழுகிறது. தாழ்வான உயரத்தில் இவை அத்தனையும் இரண்டு மூன்று நொடிகளுக்குள் முடிந்துவிடும். மிக உயரத்தில் என்றால், மூச்சுவிடத் தக்க காற்றுள்ள சுமார் 3 கிலோமீட்டர் உயரம் வரும்வரை பெரிய பாராசூட் விரியாமல் காத்திருக்கும். இரட்டை இருக்கை விமானத்தில் ஒருவர் இழுத்தாலே இருவரும் வெளியேறும் ஏற்பாடு உண்டு. வழக்கமாகப் பின்னால் இருப்பவர் முதலில் போவார். முன்னவர் முதலில் போனால் அவருடைய ராக்கெட் நெருப்பு பின்னவர் மீது படும்.

உடல் இதற்கு விலை கொடுக்கிறது. மேலே தள்ளப்படும் அந்தக் கணத்தில் உடலின் எடை 12 முதல் 20 மடங்கு வரை கூடியதாக அழுந்தும். 70 கிலோ மனிதர் முதுகெலும்பில் ஒரு டன் பாரத்தைத் தாங்குகிறார். தலை சற்றே குனிந்திருந்தாலும், முதுகு வளைந்திருந்தாலும், மார்புக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள முள்ளெலும்புகள் நசுங்கும். பெங்களூரிலுள்ள விமானப்படையின் வான்-விண்வெளி மருத்துவ நிறுவனம் இந்தக் காயங்களைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. வெளியேறிய விமானி எழுந்து நடந்தாலும் அவருக்கு முதுகெலும்பு ஸ்கேன் எடுக்காமல் விடுவதில்லை. பின்பு தரையில் இறங்கும்போது பாராசூட்டின் வேகம் நொடிக்கு சுமார் 7 மீட்டர். இரண்டரை மீட்டர் சுவரிலிருந்து குதிப்பதற்குச் சமம்.

இனி நேரத்தைப் பற்றி. நவீன இருக்கைகளை உயரமும் வேகமும் பூஜ்யமாக இருக்கும்போதே பயன்படுத்தலாம் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஓடுபாதையில் நின்ற விமானத்திலிருந்தும் பிழைக்கலாம், உண்மை. ஆனால் அந்த வாக்குறுதி நிமிர்ந்து, கிடையாக இருக்கும் விமானத்துக்கு. 45 பாகை சரிவில் மணிக்கு 720 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் விமானம் ஒவ்வொரு நொடியும் சுமார் 140 மீட்டர் உயரத்தை இழக்கிறது. விமானி தயங்கும் இரண்டு நொடி 280 மீட்டர். விமானம் கவிழ்ந்திருந்தால் ராக்கெட் அவரைத் தரையை நோக்கியே தள்ளும். ஆகவே, இருக்கைக்குத் தரப்பட்டிருக்கும் எல்லைக்குள் வெளியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். இறப்பவர்களில் கணிசமானவர்கள் தாமதித்தவர்கள்.

ஏன் தாமதிக்கிறார்கள்? பயத்தால் அல்ல. வேலையில் மூழ்கியிருப்பதால். இன்ஜின் நின்றால் மறுபடி இயக்கிப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. அது பலிக்கவில்லையா, இன்னொரு முறை. மீட்டர்களைப் பார்க்கிறார், சுவிட்சுகளைத் தொடுகிறார், தளத்தோடு பேசுகிறார். நேரம் கழிவது அவருக்குத் தெரிவதில்லை. பழுது தன்னால் நேர்ந்ததோ என்ற சந்தேகம் வந்துவிட்டால் கை இன்னும் கனக்கும். பல நூறு கோடி ரூபாய் விமானம், ஒரு விசாரணைக் குழு, சக விமானிகளின் முகங்கள் எல்லாம் அந்த நொடியில் காக்பிட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இதற்கு உலகெங்கும் விமானப்படைகள் கண்டிருக்கும் மருந்து ஒன்றுதான்: முடிவை முன்பே எடுத்துவிடு. பல போர் விமானங்களின் கையேடுகளில் இது எண்ணாகவே இருக்கிறது. கட்டுப்பாடு இழந்த விமானம் தரைக்கு மேல் 10,000 அடி உயரத்துக்கு இறங்குவதற்குள் திரும்பக் கைக்கு வராவிட்டால் வெளியேறு. கட்டுப்பாட்டில் இருந்தாலும் இன்ஜின் இல்லை என்றால் 2,000 அடிக்குக் கீழே யோசிக்காதே. கிளம்புமுன் விமானி இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறார். இரட்டை இருக்கையில் யார் சொல்வது, எந்தச் சொல்லுக்குப் பிறகு இழுப்பது என்று பேசி முடிக்கிறார்கள். தரையில் நிதானமாக இருந்த மனிதன் எடுத்த முடிவை, வானத்தில் பதற்றத்திலிருக்கும் மனிதன் நிறைவேற்றுகிறான். தாம்பரம் பயிற்றுநர் பள்ளியின் முக்கியத்துவம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. அங்கே பயிலும் ஒவ்வொரு பயிற்றுநரும் பின்னாளில் பல மாணவர்களின் கையை அந்தக் கைப்பிடிக்குப் பழக்கப்போகிறவர்.

நம் பங்கு இதில் என்ன என்று கேட்கலாம். விமானம் விழுந்த மறுநாள் நாம் படிக்கும் செய்தியை நினைத்துப் பாருங்கள். ஊர் மேல் விழாமல் கடைசிவரை விமானத்தைத் திருப்பியவர் என்று இறந்தவரைப் போற்றுகிறோம். போற்றத்தான் வேண்டும். 2025 ஏப்ரல் 2 அன்று ஜாம்நகர் அருகே ஜாகுவார் விமானம் பழுதானபோது, தளத்துக்கும் ஊர் மக்களுக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொண்டு விமானிகள் வெளியேறினார்கள் என்று விமானப்படை அறிவித்தது. ஒருவர் பிழைத்தார், ஃப்ளைட் லெப்டினன்ட் சித்தார்த் யாதவ் இறந்தார். அந்தத் தியாகத்தின் முன் தலை வணங்குகிறேன். ஆனால் அதையே அளவுகோலாக்கி, உரிய நேரத்தில் வெளியேறிப் பிழைத்தவரைப் பார்த்து "விமானத்தை விட்டுட்டு வந்துட்டாரே" என்று டீக்கடையில் பேசுவது அநியாயம். அந்தப் பேச்சு இளம் விமானிகளின் காதுக்கும் போகிறது. அடுத்த தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணமாகிறது.

எதிர்ப்பக்கத்து வாதம் வலுவானது, அதைச் சொல்லாமல் விட முடியாது. விமானி வெளியேறிய பிறகு விமானம் எங்கோ விழுந்தாக வேண்டும். 2023 மே 8 அன்று ராஜஸ்தானின் ஹனுமான்கர் மாவட்டத்தில் மிக்-21 விமானி பத்திரமாக இறங்கினார், விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து மூன்று பெண்கள் இறந்தார்கள். 2025 ஜூலை 21இல் டாக்காவில் வங்கதேச விமானப்படையின் பயிற்சி விமானம் மைல்ஸ்டோன் பள்ளி மீது மோதியதில் 30க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். விமானியும் பிழைக்கவில்லை. 2012இல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி மாநிலங்களவையில் தந்த கணக்குப்படி, அதுவரை விபத்துக்குள்ளான மிக் விமானங்கள் 482. இறந்த விமானிகள் 171 பேர், பொதுமக்கள் 39 பேர். இந்த 39 பேரைக் காக்கும் பொறுப்பைக் கடைசி ஐந்து நொடியில் இருக்கும் ஓர் இளைஞர் மீது ஏற்றுவதைத்தான் நான் மறுக்கிறேன். பயிற்சிப் பாதைகளை எங்கே வரைவது, தளங்களைச் சுற்றிக் குடியிருப்புகளை எவ்வளவு நெருங்கவிடுவது, பழைய விமானத்தை எப்போது ஓய்வுக்கு அனுப்புவது என்பவையெல்லாம் ஆற அமர யோசிக்க அவகாசம் உள்ளவர்கள் எடுக்க வேண்டிய முடிவுகள். மிக்-21 விமானத்துக்கு 2025 செப்டம்பர் 26 அன்றுதான் விடை கொடுத்தோம்.

அந்த மிக்-21 எங்கள் பகுதிக்கு மறக்க முடியாத பெயர். திருப்பனமூர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், திருவண்ணாமலை மாவட்டத்து வெம்பாக்கம் வட்டத்தில் இருக்கிற தமிழ்ச் சமணர் ஊர். 2019இல் விங் கமாண்டராக இருந்த அபிநந்தன் வர்த்தமானின் பூர்வீகம் அதுதான். அவருடைய தந்தை ஏர் மார்ஷல் சிம்மக்குட்டி வர்த்தமானும் மிக்-21 ஓட்டியவர். 2019 பிப்ரவரி 27 அன்று வான்சண்டையில் விமானம் அடிபட்டு அபிநந்தன் வெளியேறியபோது, பாராசூட் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அந்தப் பக்கம், ஹோரான் என்ற ஊரில் இறங்கியது. ஊர்க்காரர்கள் அடித்தார்கள், பாகிஸ்தான் ராணுவத்தினர் வந்து மீட்டார்கள். மார்ச் 1 இரவு வாகா வழியாக அவர் திரும்பி வந்தார். அந்த இரண்டு மூன்று நாட்கள் திருப்பனமூரின் பெயர் நாடெங்கும் ஒலித்தது.

பரபரப்பு ஓய்ந்த பின் நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். 2019 செப்டம்பர் 2 அன்று பதான்கோட்டில் அபிநந்தன் மறுபடி மிக்-21 ஏறினார். உடன் பறந்தவர் விமானப்படைத் தளபதி பி.எஸ். தனோவா. தானும் 1988இல் இஜெக்ட் ஆனவன், மறுபடி பறக்கத் தனக்கு ஒன்பது மாதம் பிடித்தது, அபிநந்தன் ஆறு மாதத்துக்குள் வந்துவிட்டார் என்று தனோவா அன்று வெளிப்படையாகச் சொன்னார். விமானத்தை விட்டு வெளியேறிய ஒருவர் படையின் தலைமைக்கே உயர முடிந்திருக்கிறது, அதை மறைக்காமல் பேசவும் முடிந்திருக்கிறது. கைப்பிடியைத் தொடத் தயங்கும் இளைஞருக்கு இதைவிடப் பெரிய அனுமதிச்சீட்டு வேறில்லை.

எதிரி மண்ணில் இறங்குவது தனிக் கொடுமை. பாகிஸ்தானுடனான 1965 போரின் கடைசி நாட்களில் ஹண்டர் விமானத்திலிருந்து வெளியேறிச் சிறைப்பட்டார் கே.சி. கரியப்பா. முன்னாள் தலைமைத் தளபதி கரியப்பாவின் மகன் அவர். தந்தையிடம் முன்பு பணிபுரிந்த பாகிஸ்தான் அதிபர் அயூப் கான் சலுகை காட்ட முன்வந்தபோது, என் மகனுக்கென்று தனியாக எதுவும் வேண்டாம், எல்லாக் கைதிகளையும் நன்றாக நடத்துங்கள் என்று தந்தை மறுத்தார். கார்கில் போரில் 1999 மே 27 அன்று, இன்ஜின் நின்றுபோன மிக்-27இலிருந்து வெளியேறிய நச்சிகேதா பிடிபட்டு, ஒரு வாரத்தில் திரும்பினார். அவரைத் தேடிப் போய்ச் சுடப்பட்ட ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜா வெளியேறியும் உயிரோடு திரும்பவில்லை. ஆபத்தில் பாராசூட்டில் இறங்குபவரைத் தாக்கக் கூடாது என்பது ஜெனிவா ஒப்பந்தங்களின் 1977ஆம் ஆண்டு நெறிமுறையில் எழுதப்பட்ட விதி. தரையில் கோபத்தோடு நிற்கும் கூட்டத்துக்கு விதி தெரியாது.

கடல் இன்னொரு பகை. 2020 நவம்பர் 26 அன்று அரபிக்கடலில் விழுந்த மிக்-29கே விமானத்திலிருந்து ஒருவர் மீட்கப்பட்டார். கமாண்டர் நிஷாந்த் சிங்கின் உடல் பல நாள் தேடலுக்குப் பிறகே கிடைத்தது. இருக்கை தன் வேலையைச் செய்த பிறகும் உயிர் கையில் வந்துவிடுவதில்லை.

பராமரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது யாரும் பாராட்டாத வேலை. 2011 நவம்பரில் பிரிட்டனின் ரெட் ஏரோஸ் விமான சாகசக் குழுவைச் சேர்ந்த ஷான் கன்னிங்ஹாம், தரையில் நின்ற விமானத்திலிருந்து இருக்கை எதிர்பாராமல் வெடித்துக் கிளம்பியதால் தூக்கி எறியப்பட்டார். ஒரு போல்ட் அளவுக்கு மீறி முறுக்கப்பட்டிருந்ததால் பாராசூட் விரியவில்லை. அவர் இறந்ததற்காக மார்ட்டின் பேக்கர் நிறுவனத்துக்கு 2018இல் 11 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. ஒரு போல்ட்! ஒவ்வொரு தளத்திலும் தோட்டாக்களின் காலாவதித் தேதியையும், பாதுகாப்பு ஊசிகளையும், பாராசூட் மடிப்பையும் சரிபார்க்கும் ஊழியர்களின் கையில்தான் மற்றவை அனைத்தும் நிற்கின்றன. உடல்வாகும் ஒரு கேள்வி. 2015இல் அமெரிக்காவின் எஃப்-35 விமானத்தில், எடை குறைந்தவர்களின் கழுத்துக்கு ஆபத்து என்று, ஏறக்குறைய 62 கிலோவுக்குக் கீழுள்ள விமானிகள் பறக்கத் தடை விதிக்கப்பட்டது. இருக்கையைத் திருத்திய பிறகே தடை நீங்கியது. 2016 முதல் இந்தியாவில் பெண்கள் போர் விமானம் ஓட்டுகிறார்கள். நம் படையிலுள்ள பழைய இருக்கைகள் ஆண்களின் உடலை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. சண்டிகரிலுள்ள ராக்கெட் தண்டவாளத்தில், தேஜஸின் முன்பகுதியை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவிட்டு, கூரை உடைவது முதல் விமானி மீள்வது வரை முழு ஏற்பாட்டையும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ 2025 டிசம்பரில் சோதித்தது. அந்தச் சோதனைகளில் சிறிய உடல்வாகு கொண்ட பொம்மைகளுக்கும் இடம் வேண்டும்.

கடைசியாக, விமானி இறங்கும் இடத்தில் முதலில் ஓடிவரும் கைகள். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்தபோது வீட்டுப் போர்வைகளோடு ஓடியவர்கள் அவ்வூர் மக்கள். ராணுவம் அவர்களுக்கு நன்றி சொல்லி, அந்த ஊரை ஓராண்டுக்குத் தத்தெடுத்தது. அந்த மனம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் இஜெக்ட் ஆகி இறங்கியவரிடம் அந்த அன்பே தீங்காகிவிடக் கூடும். தூக்கி உட்காரவைப்பது, கைத்தாங்கலாக நடக்கவிடுவது, பைக்கில் ஏற்றிக்கொண்டு ஓடுவது எல்லாம் நசுங்கிய முள்ளெலும்பைத் தண்டுவடத்துக்குள் தள்ளிவிடலாம்.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அவசரகால ஒத்திகை நடத்துகிறார்கள். அதைப் போல, தாம்பரம் தளமும் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் சேர்ந்து எங்கள் கிராமசபைக் கூட்டங்களில் ஒரு மணிநேரம் எடுத்துக்கொண்டால் போதும். சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். விமானி படுத்திருந்தால் படுத்தபடியே இருக்கட்டும், தலையையும் கழுத்தையும் அசைக்காதீர்கள், ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள். காற்றில் பாராசூட் அவரை இழுத்தால் துணியை அமுக்கிப் பிடியுங்கள். குடிக்க எதுவும் தராதீர்கள், அறுவை சிகிச்சை தேவைப்படலாம். வயலில் தனியாகக் கிடக்கும் இருக்கையில் வெடிக்காத தோட்டா இருக்கலாம், அதன் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். நொறுங்கிய விமானத்துக்குள் விமானி சிக்கியிருந்தால், மஞ்சளும் கறுப்புமாக வரியிட்ட எந்தக் கைப்பிடியையும் தொடாதீர்கள். எரியும் சிதைவின் புகையில் நிற்காதீர்கள், செல்பிக்காகத் துண்டுகளை எடுக்காதீர்கள், விசாரணைக்கு ஒவ்வொன்றும் சாட்சி. 112க்கும் 108க்கும் கூப்பிட்டு, ஏரிக்கரையா சாலையோரமா என்று இடத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள்.